நாம் கேட்காமல் விட்ட பரிசோதனை

மன்னாரில் கரையேறி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்து வந்த நம் முன்னோரில் எத்தனையோ பேரைக் காலரா வழியிலேயே கொண்டுபோனது. கெட்ட தண்ணீர்தான் அவர்களைக் கொன்றது என்று மேடைதோறும் பேசுகிறோம். ஆனால் இன்று நம் பிள்ளைகள் குளிக்கிற, முகம் கழுவுகிற தண்ணீரில் என்ன வாழ்கிறது என்று நாம் கேட்கவில்லை. இது மாத்தளைத் தமிழர் எல்லோருக்கும் பொதுவான குற்றம்.

லயத்தில் நாலு பேருக்கு வயிற்றோட்டம் வந்தால்தான் நமக்குத் தண்ணீர் ஞாபகம் வரும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் போத்தலில் மாதிரி எடுத்துப் போவார். கோலிபோர்ம் இல்லை, ஈ.கோலை இல்லை என்று அறிக்கை வந்தால் நிம்மதியாகிவிடுவோம். மலம் கலந்ததா என்பதைச் சொல்லும் அந்தப் பரிசோதனை மிக அவசியமானது. ஆனால் தாங்கியின் அடியிலும் குழாயின் உட்சுவரிலும் படியும் வழுவழுப்பில் தாமாகவே வாழும் அமீபாக்களைப் பற்றி அது எதுவும் சொல்லாது. வில்கமுவப் பக்கம் சிறுநீரக நோய் பரவியபோது புளோரைட்டையும் கடினத்தன்மையையும் கேட்டோம், கேட்டது சரியே. தண்ணீரில் உயிரோடு இருப்பவற்றை அங்கேயும் கேட்கவில்லை.

அமீபாவுக்குப் பக்டீரியாதான் இரை. ஆனால் சில பக்டீரியாக்கள் செரிக்காமல், அமீபாவின் உடலுக்குள்ளேயே பெருகும். அவற்றில் ஒன்று லெஜியோனெல்லா. 1976இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், ஒரு ஹோட்டலில் கூடிய முன்னாள் படைவீரர்களிடையே மூண்ட நிமோனியாவுக்குக் காரணம் அதுதான். அது அமீபாவுக்குள் பெருகுவதை 1980இல் இங்கிலாந்தின் ஆய்வாளர் ரோபோதம் காட்டினார். குளோரின் பட்டால் அகந்தமீபா என்ற அமீபா கெட்டியான ஓடு கட்டிக்கொள்ளும். அந்த ஓட்டுக்குள் இருந்த லெஜியோனெல்லா லீற்றருக்கு 50 மில்லிகிராம் குளோரினையும் தாங்கியதை 1990இல் ஆய்வுகூடத்தில் கண்டார்கள். நம் குழாய்நீரில் பொதுவாக ஒரு மில்லிகிராம்கூட இருப்பதில்லை.

இவை பெரும்பாலும் குடிப்பதால் நோய் தருவதில்லை. லெஜியோனெல்லா ஷவரின் நீர்த்தூவலோடு மூச்சில் போகும். அகந்தமீபா கண்ணில் புண்ணாக்கும். வயலில் கண்ணில் மண் விழுந்து, கிடைத்த தண்ணீரால் கழுவியவர்களிடம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை இதை நிறையவே கண்டிருக்கிறது. நெக்லேரியா என்ற அமீபா மூக்கு வழியே மூளைக்கு ஏறும். தொற்றியவர்களில் தப்பியவர் மிகச் சிலர். கேரளத்தில் 2024இலும் 2025இலும் அமீபா மூளைக்காய்ச்சல் பலரைப் பிடித்தது. அங்கே கிணறுகளுக்குக் குளோரின் இட்டார்கள், தாங்கிகளைக் கழுவினார்கள். நாமோ அதைத் தொலைக்காட்சியில் பார்த்து, அயலூர்ச் செய்தியென்று விட்டுவிட்டோம்.

இதைச் சோதிப்பது எட்டாத வித்தையுமல்ல. தண்ணீரை நுண்ணிய சவ்வில் வடிக்க வேண்டும். சத்துச் சேர்க்காத அகார் தட்டில் ஈ.கோலையைப் பூசி, சவ்வை அதன்மேல் வைத்து இளஞ்சூட்டில் விட வேண்டும். சில நாளில் அமீபாக்கள் அந்தப் பூச்சைத் தின்றுகொண்டே நகர்ந்த தடங்கள் நுணுக்குக்காட்டியில் தெரியும். தடத்தின் ஓரத்தில் இரட்டைச் சுவரோடு, பல மூலைகளுள்ள வடிவில் அகந்தமீபாவின் ஓடுகள் கிடக்கும். லெஜியோனெல்லாவுக்குக் கரி கலந்த கறுப்பு அகார் வேண்டும். பத்து நாள்வரை காத்திருக்க வேண்டும். சாதாரணத் தட்டில் அது முளைக்காது. ஆகவே வைத்தியர் சந்தேகித்துத் தேடாவிட்டால், நோயாளியின் சீட்டில் வெறும் நிமோனியா என்றே இருக்கும். தேடாமலே இங்கே இல்லை என்று நம்பினோம்.

இதில் எல்லோருக்கும் பங்கு உண்டு. ஆசிரியர்களான நாம் அமீபாவின் போலிக்கால்களை வரையச் சொல்லி மார்க் போட்டோம். பாடசாலைத் தாங்கியைக் காட்டவில்லை. தொழிற்சங்கக்காரர்களான நாம் போராடித் தாங்கி வாங்கினோம். அதை யார் கழுவுவது என்று பேசவில்லை. எழுதுகிறவர்களான நாம் திறப்புவிழாப் படத்தோடு நிறுத்திக்கொண்டோம். சீகிரியா, தம்புள்ளைப் பக்கம் விடுதி நடத்துகிறவர்களும் வேலை செய்கிறவர்களுமான நாம், ஆளில்லாத மாதங்களில் குழாயில் தேங்கிய தண்ணீரை ஓடவிட்டுத்தான் அறையைக் கொடுத்தோமா? வீடுகளில் தகரக் கூரையோரம் கறுப்புத் தாங்கி வெயிலில் காய்கிறது. லெஜியோனெல்லா பெருகுவது ஏறத்தாழ 20 முதல் 45 பாகை வரையான சூட்டில். மூடி உடைந்து, அடியில் சேறு படிந்திருந்தும், குழாயில் வருவது தெளிவாக இருந்ததால் திருப்திப்பட்டோம்.

பீதி கிளப்ப இதை எழுதவில்லை. மண்ணிலும் நீரிலும் அமீபா எங்கும் உண்டு. பெரும்பாலானவை நம்மை ஒன்றும் செய்யாது. எந்தத் தாங்கியில் எது இருக்கிறது என்று தெரிந்தால்தான் எதைத் திருத்துவது என்று தெரியும். பரிசோதனை வரும்வரையும் கையில் வேலை இருக்கிறது: தாங்கியை வடித்து, தேய்த்துக் கழுவி, குளோரின் இட்டு, மூடியை இறுக்குவது, சுடுநீர்த் தாங்கியை 60 பாகைக்குக் குறையாமல் வைப்பது, தேங்கிய சூடான நீரில் பிள்ளைகளைக் குதிக்கவிடாமல் இருப்பது.

சோதனைக்கு உதவி கேட்கப் பேராதனைப் பல்கலைக்கழகம் நமக்குத் தூரமில்லை. தோட்டக் கமிட்டியோ, கோயில் சபையோ, பாடசாலை அபிவிருத்திச் சங்கமோ அமீபாவுக்காகத் தண்ணீரைச் சோதித்துத் தாருங்கள் என்று யாரிடமும் கடிதம் கொடுத்ததாக நானறியேன். கோலிபோர்ம் அறிக்கையோடு இதையும் வருடத்துக்கு ஒரு தடவையாவது கேட்போம். முடிவைத் தமிழிலும் சிங்களத்திலும் தாங்கியடியிலேயே ஒட்டச் சொல்வோம். அந்தக் கடிதத்தில் முதல் கையெழுத்துகள், இத்தனை காலம் கேட்காமல் இருந்த நம்முடையவையாக இருக்கட்டும்.