எடைக் குறைப்பில் இலக்கு எதுவாக இருக்க வேண்டும்?

புத்தாண்டு பிறந்ததும் தமிழ்ப் பத்திரிகைகளின் வாரமலர்களில் தவறாது இடம்பெறும் கட்டுரை ஒன்றுண்டு. முப்பது நாட்களில் பத்துக் கிலோ குறைப்பது எப்படி என்பதே அதன் பொருளாக இருக்கும். நான் பத்திரிகைத் துறைக்குள் நுழைந்த காலத்தில் அதற்குக் கொள்ளுத் தண்ணீர் மருந்தாகச் சொல்லப்பட்டது. பின்னர் தேனும் தேசிக்காய்ச் சாறும் வந்தன. இன்று அதே சங்கதி வட்ஸ்அப் செய்தியாகவும் யூரியூப் காணொளியாகவும் ரொறன்ரோவிலிருந்து மட்டக்களப்பு வரை சுற்றிவருகின்றது. மருந்துதான் மாறியதே தவிர, கிலோக் கணக்கு மாறவில்லை.

அக்கட்டுரைகள் சொல்லும் மருந்துகளைப் பற்றி எழுத நான் முனையவில்லை. அவை வாசகர் மனத்தில் பதித்துவிட்டுப் போகும் எண் பற்றியே எனது கவலை. அந்த எண் செய்யும் கேட்டை எனக்கு நெருங்கிய ஒருவரிடத்தில் கண்டிருக்கிறேன்.

அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்பதால் அண்ணை என்றே அழைப்பேன். 84 கிலோ எடை. இரத்தத்தில் சீனியின் அளவு நீரிழிவின் எல்லையைத் தொட்டுக்கொண்டிருந்தது. மகளின் திருமணத்திற்கு ஆறு மாதங்கள் இருந்த வேளையில், 70 கிலோவுக்கு இறங்கிய பின்னரே மணவறையில் நிற்பேன் என்று வீட்டாரிடம் அறிவித்துவிட்டார். அறிவித்ததோடு நில்லாமல் முயன்றும் காட்டினார். நாள்தோறும் மாலையில் முக்கால் மணிநேர நடை. இரவில் சோற்றை விட்டுக் குரக்கன் பிட்டு, அதுவும் அளவோடு. தேநீரில் சீனி இல்லை. ஆறு மாத முடிவில் எடை 80 கிலோவாக இருந்தது. சீனியின் அளவும் வழமைக்குத் திரும்பியிருந்தது. வைத்தியர் மகிழ்ந்தார். அண்ணையோ மகிழவில்லை. "பதினாலு கிலோ எண்டு சொல்லிப்போட்டு நாலு கிலோவோட நிக்கிறன். இதுக்கோ இவ்வளவு பாடு?" என்று என்னிடம் சலித்துக்கொண்டார். கலியாண விருந்தோடு நடையும் நின்றது. அடுத்த ஆண்டின் நடுப்பகுதியில் அவருக்கு நீரிழிவு மாத்திரை எழுதிக்கொடுக்கப்பட்டது.

அவர் செய்தவை யாவும் பலன் தந்துகொண்டிருந்தன. அவற்றைத் தோல்வியென்று அவரை நம்பவைத்தது 70 என்ற எண் மட்டுமே.

இது ஒரு தனிமனிதரின் பலவீனம் என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. 1997ஆம் ஆண்டில் கேரி பொஸ்டர் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவரது சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். உடற்பருமன் கொண்ட 60 பெண்களிடம், சிகிச்சை தொடங்கு முன்னரே, நான்கு எடைகளைக் குறிக்கச் சொன்னார்கள். கனவு எடை, மகிழ்ச்சி தரும் எடை, ஏற்றுக்கொள்ளக்கூடிய எடை, ஏமாற்றம் தரும் எடை என்பன அவை. அப்பெண்கள் இலக்காக வைத்திருந்தது தமது உடல் எடையில் சராசரியாக 32 வீதக் குறைப்பு. 48 வாரங்களின் பின்னர் அவர்கள் உண்மையில் குறைத்தது சராசரியாக 16 கிலோ. எந்த வைத்தியரும் பாராட்டக்கூடிய சாதனை அது. எனினும் அவர்களுள் 47 வீதமானோர், ஏமாற்றம் தரும் எடை என்று தாமே குறித்ததைக்கூட எட்டியிருக்கவில்லை. பதினாறு கிலோவைக் குறைத்தும் ஏமாற்றம் எஞ்சுமாயின், குறை எங்கேயிருக்கிறது என்று கேட்கத்தானே வேண்டும்?

இவ்விடத்தில் வழமையாகச் சொல்லப்படும் ஆலோசனை, இலக்கைச் சிறிதாக்கிக்கொள் என்பதாகும். பத்துக்குப் பதிலாக மூன்று கிலோ என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இராது என்பார்கள். இதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. 2013 ஜனவரியில் நியூ இங்கிலாண்ட் மருத்துவச் சஞ்சிகையில் உடற்பருமன் பற்றிய கட்டுக்கதைகளை ஆராய்ந்த கட்டுரையொன்று வெளியாயிற்று. பெரிய இலக்கு வைப்பவர் மனம் சோர்ந்து குறைவாகவே எடை இழப்பார் என்ற நம்பிக்கையையும் அது அக்கட்டுக்கதைகளின் வரிசையில் சேர்த்திருந்தது. பெரிய இலக்கு வைத்தோர் சில ஆய்வுகளில் கூடுதலாகவே குறைத்திருந்தனர். ஆகவே சிக்கல் எண்ணின் பருமனில் மட்டும் இல்லை. தராசின் எண்ணை இலக்காக்குவதிலேயே இருக்கிறது என்பது எனது கருத்து.

ஏனெனில் தராசின் எண் எமது கைக்குள் அடங்குவதன்று. 500 கலோரியை நாள்தோறும் குறைத்தால் வாரத்திற்கு அரைக் கிலோ குறையும் என்ற கணக்கைப் பலரும் கேள்விப்பட்டிருப்பர். மக்ஸ் விஷ்னொவ்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவர் 1958இல் எழுதிய கட்டுரையிலிருந்து பரவிய கணக்கு அது. அதன்படி பார்த்தால், நாளுக்கு 100 கலோரியை மட்டும் குறைக்கும் ஒருவர் பத்தாண்டுகளில் 47 கிலோ இழந்துவிடுவார். இருபது ஆண்டுகளில் ஆளையே தேட வேண்டிவரும்! உண்மையில், எடை குறையக் குறைய உடல் செலவிடும் சக்தியும் குறைகின்றது, பசியும் கூடுகின்றது. கெவின் ஹோல் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் 2011இல் லான்செற் சஞ்சிகையில் வெளியிட்ட கணிப்பின்படி, அந்த 100 கலோரிக் குறைப்பு ஏறத்தாழ 4 கிலோ இழப்பில் வந்து நின்றுவிடும். அதிலும் பாதியளவே முதலாண்டில் குறையும். எஞ்சியதில் பெரும்பகுதி குறைவதற்கு மேலும் இரண்டாண்டுகள் ஆகும்.

அதே ஹோல், எடை குறைக்கும் போட்டியை வைத்து அமெரிக்காவில் நடத்தப்பட்ட தொலைக்காட்சித் தொடரொன்றின் போட்டியாளர்கள் 14 பேரை ஆறு ஆண்டுகளின் பின்னர் சோதித்து, 2016இல் முடிவுகளை வெளியிட்டார். போட்டியில் அவர்கள் சராசரியாக 58 கிலோ இழந்திருந்தனர். அதில் 41 கிலோ திரும்பிவந்திருந்தது. அவர்களது உடல், அந்தப் பருமனுக்கு எதிர்பார்க்கத்தக்கதைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரியைக் குறைவாகவே செலவிட்டுக்கொண்டிருந்தது. மனவுறுதி இல்லாதவர்கள் என்று இவர்களை எவரேனும் ஏசுவாராயின், அது அறியாமை.

அப்படியானால் எமது கையில் இருப்பது யாது? இன்று எவ்வளவு தூரம் நடந்தேன், கோப்பையில் எத்தனை அகப்பை சோறு போட்டேன், எத்தனை தேநீரில் சீனி இட்டேன் என்பவைதான். அலுவலகத்தில் நாளுக்கு ஆறு தேநீர் குடிப்பவர், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி இடுவாரானால் ஏறத்தாழ 50 கிராம் ஆகின்றது. தினசரிச் சீனி 25 கிராமுக்குள் அடங்குவது நன்று என்று உலக சுகாதார அமைப்பு 2015இல் கூறியது. இரவுப் பணியில் இருக்கும் உதவி ஆசிரியர்களின் தேநீரை அறிந்தவன் என்ற வகையில், ஆறு என்பது குறைந்த கணக்கென்றே சொல்வேன்.

செயலை இலக்காக்குவது மனத்தைத் தேற்றிக்கொள்ளும் தந்திரம் அன்று என்பதற்குச் சான்று உண்டு. நீரிழிவின் விளிம்பில் இருந்த 3,234 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தப்பட்ட பெரும் ஆய்வின் முடிவுகள் 2002இல் வெளியாயின. ஒரு பிரிவினருக்கு 7 வீத எடைக் குறைப்பும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும் இலக்காகத் தரப்பட்டன. இன்னொரு பிரிவினருக்கு மெற்போர்மின் மாத்திரை. மாத்திரை, நீரிழிவு ஏற்படுவதை 31 வீதத்தால் குறைத்தது. உணவும் உடற்பயிற்சியும் 58 வீதத்தால் குறைத்தன. இந்த 58 என்ற எண்ணை எல்லோரும் மேற்கோள் காட்டுவர். அந்த வெற்றிப் பிரிவில், இறுதிப் பரிசோதனையின்போது 7 வீத எடை இலக்கில் நின்றவர்கள் 38 வீதமானோரே என்பதை எடுத்துச் சொல்வார் அரியர். பெரும்பாலோர் எடை இலக்கைத் தவறவிட்ட ஒரு கூட்டம், நோயைப் பாதிக்கு மேல் விரட்டியிருக்கிறது! 2006இல் வந்த தொடர் ஆய்வு இன்னும் தெளிவாகச் சொன்னது. முதலாண்டில் எடை இலக்கை எட்டாதவர்களுள், உடற்பயிற்சி இலக்கை நிறைவேற்றியவர்களுக்கு நீரிழிவு 44 வீதம் குறைவாகவே ஏற்பட்டது.

வெள்ளைக்காரர் உடல் வேறு, எமது உடல் வேறு என்பார்க்குச் சென்னையிலிருந்து விடையுண்டு. வைத்தியர் ஏ.ராமச்சந்திரன் தலைமையில் 531 பேரிடம் நடத்தப்பட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2006இல் வெளிவந்தன. நடையையும் உணவு மாற்றத்தையும் கைக்கொண்ட பிரிவில் நீரிழிவு 28.5 வீதத்தால் குறைந்தது. அவர்களது எடையிலோ சொல்லத்தக்க குறைவு ஏற்படவில்லை. தராசை மட்டும் பார்த்திருந்தால் அவர்கள் அனைவரும் தோற்றவர்களே.

உடல் வேறு என்பதிலும் ஓர் உண்மை இல்லாமலில்லை. தெற்காசியருக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேர்ந்துவிடுகிறது. அதனால்தான் உடற்பருமன் சுட்டெண் 23ஐத் தாண்டும்போதே ஆசியர்கள் கவனமாக இருக்க வேண்டும் என 2004இல் உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு கூறியது. இடுப்புச் சுற்றளவில் ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் எல்லையாகக் கொள்ளப்படுகின்றன. எண் ஒன்று வேண்டுமென்று அடம்பிடிப்பவர் தையற்காரரின் அளவு நாடாவை மாதம் ஒருமுறை பயன்படுத்தலாம். தராசைத் தினமும் ஏறிப் பார்ப்பது சிலருக்குத் துணையாக இருக்கலாம். அண்ணை போன்றவர்களுக்கு அது தினசரித் தண்டனை.

இனி ஊக்கம் பற்றி. மனம் தளராமல் இருப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு என் தொழிலிலிருந்தே பதில் சொல்வேன். நாளிதழ் நாள்தோறும் வெளிவருவது ஆசிரிய பீடத்தின் உற்சாகத்தினால் அன்று. மழை இரவிலும், சம்பளம் பிந்திய மாதத்திலும், ஊரடங்கு வேளையிலும் அது வெளிவந்தது. அச்சுக்குப் போகும் நேரம் குறிக்கப்பட்டிருந்தது, ஒருவர் வராவிட்டால் மற்றவர் கேட்பார், அவ்வளவுதான். உற்சாகம் வந்த பின்னர் எழுதுவோம் என்றிருந்தால் வாரத்தில் இரண்டு பத்திரிகை வெளிவந்திருக்கும். நடைக்கும் ஒரு நேரமும், வாசலில் வந்து கூப்பிட ஓர் ஆளும் இருந்தால் போதும். விருப்பம் வருவதும் போவதும் அதன் பாட்டில் நடக்கட்டும். ஒரு வாரம் தவறிப்போனால் மறுவாரம் தொடங்குவதே முறை. நேற்றைய பதிப்பில் பிழை வந்ததற்காக எவரும் பத்திரிகையை மூடுவதில்லை.

1990களில் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது விளங்கும். மண்ணெண்ணெய்கூடப் போத்தற் கணக்கில் விற்கப்பட்ட அந்நாட்களில் அரச அதிபர் அலுவலக எழுதுவினைஞர் முதல் மீன் வியாபாரி வரை சைக்கிளில்தான் திரிந்தனர். எடையைக் குறைக்க எவரும் மிதிக்கவில்லை. வேறு வழி இருக்கவில்லை. பட்டினியும் சாவும் நிறைந்திருந்த அக்காலத்தைப் போற்றுவது என் நோக்கமன்று. உடல் உழைப்பு அன்றாட அலுவலுக்குள் கலந்திருக்கும்போது அதற்கு ஊக்கவுரை தேவைப்படுவதில்லை என்பதையே சுட்டுகிறேன். 2022இல் எரிபொருள் வரிசைகள் நீண்டபோது கொழும்பிலும் சைக்கிள்கள் வீதிக்கு வந்தன. வரிசைகள் கலைந்ததும் அவற்றுட் பல மீண்டும் மறைந்தன.

இப்போது ஊசி மருந்துகள் வந்துவிட்டனவே என்று இலண்டன் நண்பர்கள் கேட்கிறார்கள். செமகுளுரைட் என்ற மருந்து 68 வாரங்களில் சராசரியாக 14.9 வீத எடையைக் குறைத்ததாக 2021இல் வெளியான ஆய்வு கூறியது. தேவையானவர்களுக்கு அது பெரும் வரம். அதனை ஏளனம் செய்வோர் பக்கம் நான் இல்லை. ஆனால் மருந்தை நிறுத்தி ஓராண்டிற்குள், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டதாக 2022இல் அதே ஆய்வின் தொடர்ச்சி கூறியது. எனவே எவ்வளவு குறையும் என்று கேட்பவர், எத்தனை ஆண்டு தொடர்வது என்பதையும் அதற்கான செலவையும் தம் வைத்தியரிடம் சேர்த்தே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எமது வைத்தியசாலைக் கிளினிக்குகளில் நோயாளி வந்ததும் முதலில் தராசில் ஏற்றுகிறார்கள். எண் கூடியிருந்தால் ஒரு முகச்சுளிப்பு, குறைந்திருந்தால் ஒரு தலையசைப்பு. இந்த வாரம் எத்தனை நாள் நடந்தீர்கள் என்ற கேள்வியையும் அந்த அட்டையில் எழுத இடம் இருக்குமானால், நாலு கிலோவோடு வீடு திரும்பும் மனிதர் தன்னைத் தோற்றவராக எண்ணமாட்டார். நடக்கச் சொல்வதற்கு முன்னர் நடக்க இடமும் வேண்டும். வடக்கு கிழக்கின் சிறு நகரங்களில் வீதியோர நடைபாதையைக் கடைகளின் பலகைகளும் மோட்டார் சைக்கிள்களும் பிடித்திருக்கின்றன. அதிகாலையில் தெருநாய்கள் வேறு. ஆண்களாவது தடியொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு புறப்படுகிறார்கள். விடியு முன் தனியே நடக்க அஞ்சும் பெண்களுக்கு, பாடசாலை மைதானங்களின் வாயிலைக் காலை ஐந்தரை மணி முதல் ஏழு மணிவரை திறந்துவிடுவதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை. அதிபரும் பிரதேச சபையும் பேசிக்கொண்டாலே போதும்.