நட்சத்திரக் குறியைப் போட்டது யார்?

‘குடும்பப் பெயர்’ என்று ஒரு கட்டம். பக்கத்தில் சிவப்பு நிறத்தில் ஒரு நட்சத்திரக் குறி. தில்லியிலோ மும்பையிலோ புதிதாக வேலையில் சேர்ந்த தமிழர் ஒருவர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பும்போது விரல்கள் தயங்கி நிற்பது இந்த இடத்தில்தான். அவருக்கு இருப்பது ஒரு பெயரும், அப்பா பெயரின் முதல் எழுத்தும். கட்டத்தைக் காலியாக விட்டால் படிவம் நகராது. ஓர் எழுத்தைப் போட்டால் போதாது என்று மறுக்கும் படிவங்களும் உண்டு. கடைசியில் ஒருவர் அப்பா பெயரை முழுதாக எழுதுகிறார். இன்னொருவர் தன் பெயரையே இரண்டு முறை எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகிறார். ஒரே ஆளுக்கு ஆளுக்கொரு ஆவணத்தில் ஒவ்வொரு பெயர் வந்து சேர்வது இப்படித்தான்.

தொல்லை அதோடு நிற்பதில்லை. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசா உள்ளிட்ட சில விசாக்களில் அனுமதி இல்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. பெயர்க் கட்டம் காலியாக இருப்பது ஒருவரின் பயணத்தையே நிறுத்திவிடலாம்.

அந்த நட்சத்திரத்தைப் போட்டது யார்? பெரும்பாலும் யாரோ ஓர் அதிகாரி மீதுதான் பழி விழுகிறது. ஆனால் பல சமயங்களில் யாருமே போடவில்லை என்பதுதான் உண்மை. இது எப்படி என்று அறிய, படிவம் தயாராகும் பட்டறையைப் பார்க்க வேண்டும்.

அத்தகைய பட்டறைகளில் ஒன்று ஜாங்கோ. பைதான் மொழியில் எழுதப்பட்ட இந்த ஃபிரேம்வொர்க் பிறந்தது ஒரு பத்திரிகை அலுவலகத்தில். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் உள்ள லாரன்ஸ் நகரின் நாளிதழான லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்டில் 2003-ல் அட்ரியன் ஹொலொவாட்டி, சைமன் வில்லிசன் என்ற இரு புரோகிராமர்கள் இதைத் தொடங்கினார்கள். செய்தி அலுவலகத்தில் எல்லாமே அவசரம். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய நேரமில்லை. அந்த அவசரத்துக்கான மருந்து 2005 ஜூலையில் எல்லோருக்கும் இலவசமாக வெளியிடப்பட்டது. ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் பெயரையே அதற்கு வைத்தார்கள்.

இதன் வசதி எளிதில் புரியக்கூடியது. விவரங்கள் டேட்டாபேஸில் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று ஒரு முறை எழுதினால் போதும்: பெயர் 100 எழுத்துக்குள், பிறந்த நாள் தேதியாக, மின்னஞ்சல் மின்னஞ்சலாக. இந்த வரையறைக்கு ‘மாடல்’ என்று பெயர். அதிலிருந்து படிவத்தை வார்த்தெடுக்கும் அச்சு ‘மாடல்ஃபார்ம்’. நான்கைந்து வரிகளில் கட்டங்கள் வந்துவிடும். பிப்ரவரி 30 என்று யாராவது எழுதினால் தடுப்பது, பிழைச் செய்தி காட்டுவது, சரியானதைச் சேமிப்பது எல்லாவற்றையும் ஜாங்கோவே பார்த்துக்கொள்ளும்.

சிக்கலும் இந்த வசதிக்குள்தான் இருக்கிறது. ஒரு கட்டத்தைப் பற்றிப் புரோகிராமர் எதுவும் சொல்லாவிட்டால், அது கட்டாயம் என்றே ஜாங்கோ எடுத்துக்கொள்ளும். காலியாக விடலாம் என்றால் ‘பிளாங்க்’ என்ற குறிப்பைத் தனியே எழுத வேண்டும். ‘நல்’ என்று இன்னொரு குறிப்பும் உண்டு. நல், டேட்டாபேஸுக்குத் தரும் அனுமதி. பிளாங்க், படிவத்துக்குத் தரும் அனுமதி. முதலாவதை எழுதிவிட்டு இரண்டாவதை மறந்தால் உள்ளே இடம் இருக்கும், விண்ணப்பதாரர் வாசலிலேயே நிற்பார். குடும்பப் பெயர் கட்டாயம் என்று எந்தக் கூட்டத்திலும் முடிவாகியிருக்காது. ஒரு சொல் விட்டுப்போயிருக்கும், அவ்வளவுதான்.

ஜாங்கோவைக் குற்றம் சொல்வதும் நியாயமல்ல. அது தயாராகத் தரும் பயனாளர் மாடலில் முதற்பெயர், கடைசிப் பெயர் இரண்டையுமே காலியாக விடலாம். ஆனால் பெயரை இரண்டாகப் பிரிக்கும் வழக்கம் அங்கேயும் இருக்கிறது. கடைசிப் பெயருக்கு 30 எழுத்து என்றிருந்த வரம்பு 2017 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பில்தான் 150 ஆனது. முதற்பெயர் 2020 ஆகஸ்டின் 3.1 பதிப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

யாரும் முடிவெடுக்காத கட்டம் மூடியிருந்தால் ஒரு வகைத் தொல்லை. திறந்திருந்தால் அதைவிட ஆபத்து. 2012 மார்ச்சில் கிட்ஹப் தளத்தில் இது அம்பலமானது. அந்தத் தளம் ரூபி மொழியின் ரெயில்ஸ் ஃபிரேம்வொர்க்கில் கட்டப்பட்டது. படிவத்தில் கேட்கப்படாத ஒரு விவரத்தையும் சேர்த்து அனுப்பிய ஒரு புரோகிராமர், தனக்கு உரிமையில்லாத திட்டத்துக்குள் நுழைய வழி செய்துகொண்டார். பாதுகாப்பு ஓட்டையை நிரூபிக்கவே அப்படிச் செய்தார். அதுவரை ஜாங்கோவிலும் கட்டங்களைக் குறிப்பிடாவிட்டால் மாடலில் உள்ள எல்லாமே படிவத்தில் வந்து உட்கார்ந்தன. பின்னாளில் மாடலில் ஒரு ரகசிய விவரத்தைச் சேர்த்தால் அதுவும் பொதுமக்கள் கைக்குப் போய்விடும். 2013 நவம்பரில் வந்த 1.6 பதிப்பு இதை எச்சரித்தது. 2015 ஏப்ரலின் 1.8 பதிப்பிலிருந்து, எந்தெந்தக் கட்டங்கள் வேண்டும் அல்லது வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னால்தான் படிவம் உருவாகும். ஆனால் எது கட்டாயம் என்பதை அப்படிச் சொல்ல வைக்கும் விதி வரவில்லை.

சில நிறுவனங்கள் வேறு வழியில் போகின்றன. கேள்விகளையே டேட்டாபேஸில் ஒரு பட்டியலாக வைத்துவிடுகின்றன: கேள்வி என்ன, என்ன வகை, கட்டாயமா, எத்தனையாவது. படிவம் திறக்கும் நேரத்தில் ஜாங்கோ அந்தப் பட்டியலைப் படித்துக் கட்டங்களை அடுக்கும். அலுவலக ஊழியரே ஒரு டிக்கை எடுத்துவிட்டு நட்சத்திரத்தை நீக்கலாம். புரோகிராமருக்காகக் காத்திருக்க வேண்டாம். இதற்கும் விலை உண்டு. பதில்கள் தனித்தனிப் பத்தியில் இல்லாமல் ஒரே மூட்டையாகச் சேர்வதால், டேட்டாபேஸ் தானாகச் செய்யும் பல சோதனைகள் கைநழுவும். பின்னால் தேடி எடுப்பதும் கடினம். எப்போதாவது மாறும் படிவத்துக்கு இத்தனை ஏற்பாடு தேவையில்லை. மாநிலத்துக்கு மாநிலம் கேள்வி மாறும் படிவத்துக்குத் தேவை.

பெயருக்கோ இதைவிட எளிய வழி இருக்கிறது. ‘முழுப் பெயர்’ என்று ஒரே கட்டம் வைத்து, ஆவணத்தில் உள்ளபடி எழுதச் சொல்லலாம். குடும்பப் பெயர் உண்மையிலேயே தேவைப்பட்டால், ‘இருந்தால்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்து பிளாங்க் குறிப்பையும் எழுதலாம். வேலை ஐந்து நிமிடம்கூட இல்லை. ஆனால் அதைச் செய்யத் தோன்ற வேண்டுமானால், படிவம் வெளியே போவதற்கு முன் குடும்பப் பெயர் இல்லாத ஒருவரை உட்கார வைத்து, தன் பெயரை நிரப்பச் சொல்லிப் பார்க்க வேண்டும். எல்லா அலுவலகத்திலும் அப்படி ஒருவராவது இருப்பார்.