வானத்தில் கண் வைத்தார்கள். வாசலில் வரும் புகைக்கு?

கும்மிடிப்பூண்டியில் இருந்து ரெயிலில் சுமார் 35 கிலோ மீட்டர் போனால் சூலூர்பேட்டை. அங்கே இறங்கினால் ஸ்ரீஹரிகோட்டாவுக்கு வழி. ராக்கெட் கிளம்பினால் இந்தப் பக்கத்து ஜனங்கள் மொட்டை மாடியில் நின்றே பார்க்கலாம்.

2011-ம் ஆண்டு அக்டோபர் 12-ந்தேதி பகல் 11 மணிக்கு அங்கிருந்து பி.எஸ்.எல்.வி. சி-18 ராக்கெட் கிளம்பியது. அதில் ஒரு சின்னப் பயணி. பெயர் எஸ்.ஆர்.எம்.சாட். எடை 10.9 கிலோ. 25 கிலோ அரிசி மூட்டையில் பாதி கூட இல்லை! காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து செய்தது. 2016-ம் ஆண்டு ஜூன் 22-ந்தேதி சென்னை சத்யபாமா பல்கலைக்கழக மாணவர்களின் 1.5 கிலோ செயற்கைக்கோளும் இதே மாதிரி வேலைக்குப் போனது.

என்ன வேலை? காற்றில் கரியமில வாயு, நீராவி எல்லாம் எவ்வளவு என்று மேலே இருந்து கணக்கெடுப்பது. வெயில் பூமியில் பட்டுத் திரும்பி மேலே போகிறது. போகிற வழியில் ஒவ்வொரு வாயுவும் தனக்கென்று சில ஒளிக்கதிர்களை விழுங்கிவிடும். எது குறைந்தது, எவ்வளவு குறைந்தது என்று கருவி பார்க்கும். மூட்டையில் மிச்சம் எவ்வளவு என்று பார்த்து, விற்றது எவ்வளவு என்று கடைக்காரர் சொல்வாரே, அதே கணக்குதான்.

"அவ்வளவு உயரத்தில் இருந்து பார்க்கிறதே, நம்ம ஊர் புகை அதுக்குத் தெரியாதா?"

நியாயமான கேள்வி. பதில்: தெரியாது.

எஸ்.ஆர்.எம்.சாட் போன உயரம் சுமார் 867 கிலோ மீட்டர். தரையில் இருந்து மேல்வரை உள்ள வாயுவை மொத்தமாகத்தான் அது கணக்கெடுக்கும். நம் மூக்கு உயரத்தில் என்ன இருக்கிறது என்று பிரித்துச் சொல்லாது. கரியமில வாயு உலகத்தையே சூடாக்குகிற சமாசாரம். அதற்கு வாசனையும் கிடையாது, கண்ணும் எரியாது. கண்ணைக் கரிக்கிற கந்தகப் புகையும், கொடியில் காயும் துணியில் படிகிற தூசியும் வேறு வழக்கு. அந்த வழக்கை விசாரிக்க இவை போகவில்லை. தவிர, வெயில் இருந்தால்தான் இந்தக் கருவிக்கு வேலை. ராத்திரியில்தான் புகை அதிகம் என்பது தொழிற்பேட்டை ஓரங்களில் வழக்கமாகக் கேட்கிற பேச்சாயிற்றே!

ஆக, விசாரணை தரையில்தான் நடக்க வேண்டும். கும்மிடிப்பூண்டி அந்தோணி பிள்ளை நகரில் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் காற்று அளக்கும் நிலையம் இருக்கிறது. நுரையீரலுக்குள் போகும் நுண்தூசி, 24 மணி நேர சராசரியில், கன மீட்டருக்கு 60 மைக்ரோ கிராமைத் தாண்டக்கூடாது என்பது 2009-ம் ஆண்டு வந்த மத்திய அரசு விதி. ஆனால் ஒரு நிலையம் அது நிற்கிற இடத்துக் காற்றைத்தான் சொல்லும். காற்று திரும்பினால் அடுத்த தெருவின் கதை வேறு. சிப்காட்டைச் சுற்றி நாலு திசையிலும் கருவி வேண்டும் என்று கேட்பது பேராசை அல்ல.

அதுவரை, இருக்கிற ஒரு நிலையத்தின் கணக்கையாவது ரெயில் நிலைய வாசலில் தினமும் கரும்பலகையில் எழுதிப் போடலாம். அதற்கு ராக்கெட் வேண்டாம். ஒரு சாக்பீஸ் போதும்.