பந்தல் போடுவதற்கு மட்டுமா பெற்றோர்? தலைமன்னாரிலிருந்து பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களைப் பற்றி

வடமாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பிறகு தேர்தல் நடக்கவில்லை. மாகாணக் கல்வி அமைச்சு இயங்குகிறது. செயலாளர் இருக்கிறார், பணிப்பாளர்கள் இருக்கிறார்கள். மக்கள் தெரிவுசெய்த கல்வி அமைச்சர் மட்டும் இல்லை. 13ஆவது திருத்தத்தின்படி தேசிய பாடசாலைகள் தவிர்ந்த அரச பாடசாலைகள் மாகாணத்தின் பொறுப்பு. ஆகவே தலைமன்னாரில் மாகாணப் பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்பும் ஒரு தாய்க்கு, அந்தப் பாடசாலையை நிருவகிக்கும் அடுக்கில் தன் வாக்கு நேரடியாகச் சென்று சேரும் இடம் ஒன்றுதான் எஞ்சியிருக்கிறது. அது பாடசாலை அபிவிருத்திச் சங்கம்.

அந்த ஓரிடத்தையும் நாம் கைநழுவ விட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது.

மன்னார்த் தீவுக்குச் செய்தி சேகரிக்கப் போகும்போது, சங்கம் என்ன செய்கிறது என்று பெற்றோரிடம் கேட்பது என் வழக்கம். காசு சேர்க்கும், விளையாட்டுப் போட்டிக்குப் பந்தல் போடும், மதில் கட்டும் என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில். அது பொய்யில்லை. ஆனால் சங்கத்தின் வேலை அத்துடன் முடிந்துவிடுவதில்லை.

முகாமையாளர் போனபின்

1960க்கு முன்னர் மன்னார்க் கரையோரப் பாடசாலைகளில் பல கத்தோலிக்க மிஷனின் கீழ் இருந்தன. பங்குத்தந்தை அல்லது மிஷன் நியமித்த ஒருவர் முகாமையாளராக இருப்பார். அரசு உதவிப்பணம் கொடுக்கும். 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்கள் உதவி பெறும் பாடசாலைகளை அரசின் கைக்குக் கொண்டுவந்தன. இன்றும் பல பாடசாலைகளின் பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'றோ.க.த.க.' என்ற எழுத்துகள் அந்தக் காலத்தின் மிச்சம்.

அந்தச் சட்டங்கள் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே அரச முறைக்குள் கொண்டுவந்தன. ஆனால் பாடசாலையைப் பற்றி ஊரில் ஒருவரிடம் போய்க் கேள்வி கேட்கலாம் என்ற நிலை அத்துடன் போயிற்று. பதில் சொல்ல வேண்டியவர் முதலில் கொழும்பில் இருந்தார், பின்னர் மாகாணத்தில். அந்த இடைவெளியை நிரப்பத்தான் பிற்காலத்தில் பெற்றோர், ஆசிரியர், பழைய மாணவர் சேர்ந்த சங்கங்கள் வந்தன. 2006இல் தொடங்கிய பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் அவற்றுக்கு மேலும் ஒரு படி அதிகாரம் கொடுத்தது. பாடசாலை தன் அபிவிருத்தித் திட்டத்தைத் தானே வரையலாம், கிடைக்கும் நிதியின் முன்னுரிமையைத் தானே தீர்மானிக்கலாம், அந்தத் தீர்மானத்தில் பெற்றோருக்கும் பங்குண்டு என்பதே அதன் அடிப்படை.

ஆனால் தலைவர் பதவி பதவிவழியாக அதிபருக்கே உரியது. அதிபரை நியமிப்பதிலோ ஆசிரியரை இடமாற்றுவதிலோ சங்கத்துக்கு உரிமை கிடையாது. யாருடைய வேலையைச் சங்கம் கவனிக்க வேண்டுமோ அவரே கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறார். நல்ல அதிபர் வாய்த்தால் சங்கம் உயிரோடு இருக்கும். வாய்க்காவிட்டால், ஏற்கெனவே எழுதி முடித்த திட்டத்தில் பெற்றோர் கையொப்பம் வைத்துவிட்டுத் தேநீர் குடித்துவிட்டுப் போவார்கள்.

கூட்டறிக்கையில் இல்லாதது நடக்கவில்லை

பாடசாலைகளுக்கு உள்ளக மதிப்பீடும் வெளிவாரி மதிப்பீடும் உண்டு. வலயத்திலிருந்து குழு வரும். வகுப்பறையைப் பார்ப்பார்கள், ஆவணங்களைப் புரட்டுவார்கள், சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் குறிப்பு எழுதிவிட்டுப் போவார்கள். ஓரிரு நாளில் முழுப் பாடசாலையையும் அறிய வேண்டியிருப்பதால், தாளில் உள்ளதே பெரும்பாலும் அவர்கள் கண்ணில் படும். கணித ஆசிரியர் இல்லாமல் ஒரு தவணை ஓடியதை ஊரே அறிந்திருக்கும். சங்கத்தின் கூட்டறிக்கையில் அது எழுதப்படாவிட்டால், வலயத்துக்கு எதிராக வைக்கக்கூடிய சான்று எதுவும் இல்லை.

இன்னோர் உதாரணம். 2021 மார்ச் 16 அன்று தலைமன்னார் பியர் பகுதிப் புகையிரதக் கடவையில் தனியார் பேருந்தும் புகையிரதமும் மோதின. மாணவன் ஒருவன் உயிரிழந்தான். காயமடைந்தோரிலும் மாணவர்கள் பலர். பிள்ளைகள் பாடசாலைக்கு வந்துபோகும் பாதை வாயிற்கதவுக்கு வெளியே இருக்கிறது. மதிப்பீட்டுக் குழு கதவுக்கு உள்ளே இருப்பதைப் பார்க்க வருகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கக்கூடியவர்கள் பெற்றோர் மட்டுமே.

எண்ணிக்கை என்ற கத்தி

இது ஏன் இப்போது அவசரம்? கல்விச் சீர்திருத்தம் தொடங்கிவிட்டது. 2026இல் தரம் 1இலும் தரம் 6இலும் புதிய முறை ஆரம்பமாகும் என்று அறிவித்தார்கள். ஆறாம் தர ஆங்கிலப் பாடத்தொகுதி பற்றி எழுந்த சர்ச்சைக்குப் பிறகு தரம் 6க்கான மாற்றம் 2027க்குத் தள்ளிப்போனது. அதற்குச் சில வாரங்கள் முன்னர்தான் டித்வா புயலின் வெள்ளம் மன்னாரை மூழ்கடித்திருந்தது. மாற்றம் வருகிறது, தள்ளிப்போகிறது, மறுபடி வருகிறது. ஒவ்வொரு முறையும் பெற்றோர் அதைத் தொலைக்காட்சிச் செய்தியில்தான் அறிகிறார்கள்.

சீர்திருத்தப் பேச்சின் கூடவே வருவது சிறிய பாடசாலைகளின் கதை. நாட்டிலுள்ள சுமார் 10,000 அரச பாடசாலைகளில் ஆயிரத்துக்கும் அதிகமானவற்றில் 50 மாணவர்கள்கூட இல்லை. அவற்றை மூடலாம், இணைக்கலாம் என்ற யோசனை அடிக்கடி எழுகிறது. நான்கு பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்று வைத்திருப்பது அந்தப் பிள்ளைகளுக்கும் நன்மையில்லை என்ற வாதத்தில் நியாயம் உண்டு.

ஆனால் மன்னாரில் அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் வேறொரு வரலாறும் இருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, இந்தத் தீவின் முஸ்லிம் குடும்பங்களும் புத்தளத்துக்குப் போக நேர்ந்தது. அங்கே பிறந்த பிள்ளைகள் அங்கேயே படித்தார்கள். பலருக்கு இன்றும் ஊர் இங்கே, பாடசாலை அங்கே. படகேறி இராமேஸ்வரம் கரைக்குப் போன தமிழ்க் குடும்பங்களில் ஒரு பகுதி இன்னும் மண்டபம் முதலான முகாம்களில் இருக்கிறது. மாணவர் வரவு குறைந்ததற்குப் பிறப்பு வீதம் ஒரு காரணமென்றால், யுத்தம் மற்றொரு காரணம். வலயத்தின் புள்ளிவிபரப் படிவத்தில் இரண்டுக்கும் ஒரே கட்டம்தான். திரும்பி வர நினைக்கும் குடும்பம் முதலில் விசாரிப்பது பாடசாலையைத்தான். அது பூட்டிக் கிடந்தால் அந்தக் குடும்பம் வராது. அடுத்த வருடம் எண்ணிக்கை இன்னும் குறையும்.

இதைச் சொல்ல வேண்டிய இடம் சங்கம். எத்தனை குடும்பங்கள் வெளியே இருக்கின்றன, எத்தனை பேர் திரும்ப விரும்புகிறார்கள், அடுத்த பாடசாலைக்கு எவ்வளவு தூரம், காலையில் எத்தனை பேருந்து ஓடுகிறது என்று எழுதி வைத்திருக்கும் சங்கம், இணைப்பு யோசனை வரும் நாளில் பேச முடியும். மதில் கட்டிய கணக்கு மட்டும் வைத்திருக்கும் சங்கம் என்ன பேசும்?

கடலுக்கு அப்பால்

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீற்றர். அந்தப் பக்கத்தில் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2022இல் குழுக்களைப் புதுப்பித்தபோது தலைவர் பதவியே தாய் ஒருவருக்கு என்று ஆனது. அங்கேயும் எல்லாக் குழுவும் உயிரோடு இல்லை. ஆனால் அதிகாரம் யார் கையில் என்பதைச் சட்டம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இங்கிலாந்திலோ பெற்றோர் பிரதிநிதிகளும் அமரும் ஆளுநர் குழு தலைமை ஆசிரியரையே கேள்வி கேட்கலாம். அங்கே கண்காணிப்பு நிறுவனமான ஒவ்ஸ்டெட் முழுப் பாடசாலைக்கும் ஒற்றைச் சொல்லில் முத்திரை குத்தி வந்தது. மதிப்பீட்டின் அழுத்தத்தோடு தொடர்புபட்ட ஒரு தலைமை ஆசிரியையின் மரணத்துக்குப் பின் எழுந்த எதிர்ப்பால், 2024 செப்டெம்பரில் அந்த முறை கைவிடப்பட்டது. கண்காணிப்பு தேவை. ஆனால் பாடசாலையைப் பற்றி அது மட்டுமே பேசும் நிலை ஆபத்தானது.

சட்டம் மாறும்வரை

தலைவர் பதவி பெற்றோருக்கு வர வேண்டும் என்பது என் நிலைப்பாடு. அதற்குக் கொழும்பின் மனம் மாற வேண்டும். அதுவரை காத்திருக்காமல் செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, கூட்ட நேரம். இரவுத் தொழிலுக்குப் போனவர் காலையில் கரையில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருக்கும்போது, வேலைநாள் காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால் யார் வருவார்? கணவனை இழந்து, கருவாடு காயவைத்துப் பிழைக்கும் தாய்க்கும் அதே சிக்கல்தான். ஞாயிறு பிற்பகலில் வைக்கலாம்.

இரண்டாவது, காசு. இந்திய இழுவைப்படகுகள் வலைகளை அறுத்துப்போகும் கடலில் தொழில் செய்பவர்களிடம் அடிக்கடி கை நீட்டினால், அவர்கள் சங்கத்தையே தவிர்ப்பார்கள். கொடுக்க இல்லாதவர் கூட்டத்துக்கு வர வெட்கப்படும் நிலை இருக்கும்வரை, இருப்பவர்களின் சங்கமாகவே அது நீடிக்கும். தர உள்ளீட்டு நிதி எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று ஒரு தாளில் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டுவதற்குப் பணம் தேவையில்லை.

மூன்றாவது, கூட்டறிக்கை. ஆசிரியர் வெற்றிடம், பேருந்து, குடிநீர், இடைவிலகிய பிள்ளைகள் என நான்கு விடயங்களை ஒவ்வொரு கூட்டத்திலும் எழுதுங்கள். ஒரு பிரதியைக் கோட்டக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பி, கிடைத்ததற்கான கையொப்பத்தை வாங்கிக்கொள்ளுங்கள். மதிப்பீட்டுக் குழு வரும்போது பெற்றோர் பிரதிநிதியும் அவர்களைச் சந்திக்க வேண்டும் என்று கேளுங்கள்.

யுத்தத்துக்குப் பின் எமக்காகப் பேசப் பலர் வந்தார்கள். தொண்டு நிறுவனங்கள் கட்டடம் தந்தன, பெயர்ப்பலகை வைத்தன, போய்விட்டன. கட்டடத்துக்குள் என்ன நடக்கிறது என்று கேட்க ஊரில் மிஞ்சியிருப்பவர்கள் பெற்றோர்தான். அடுத்த பொதுக்கூட்ட அறிவித்தல் பிள்ளையின் கொப்பிக்குள் மடித்து வரும். அதைப் பார்த்ததும் எவ்வளவு காசு கேட்பார்கள் என்று யோசிப்பதற்கு முன், இந்த முறை நாம் எதைக் கேட்கப் போகிறோம் என்று பக்கத்து வீட்டாரோடு ஒருதரம் பேசிவிட்டுப் போங்கள்.