மச்சான் கையில் கயிறு

தூத்துக்குடியில் தெரிந்த தம்பி ஒருத்தருக்கு ஷிப்பிங் ஏஜென்ஸியில் வேலை. போன வாரம் பார்க்கப் போனேன். மக்ரூன் வந்தது, டீ வந்தது, பேச்சு வைரஸ் பக்கம் வந்தது.

"எங்க ஆபீஸை அசைக்க முடியாது அண்ணாச்சி! எல்லாத்துக்கும் பேக்கப் இருக்கு."

"எங்கே தம்பி?"

"இதே கம்ப்யூட்டர்லதான். 'டி' டிரைவ்!"

டூப்ளிகேட் சாவியையும் அதே வளையத்தில் மாட்டி வைக்கிற ரகம்!

அவருக்கு மெர்ஸ்க் கதையைச் சொன்னேன். டென்மார்க் கம்பெனி, கன்டெய்னர் கப்பல் உலகத்தில் பெரிய தலை. 2017 ஜூன் 27. உக்ரைனில் வரிக்கணக்குப் போடுகிற ஒரு சாஃப்ட்வேரின் அப்டேட் வழியாக 'நாட்பெட்யா' உள்ளே வந்தது. கதவை உடைக்கவில்லை சார், தபால்காரர் பையிலேயே வந்துவிட்டது! பணம் கேட்டது. ஆனால் கொடுத்தாலும் ஃபைல் திரும்பாது. அழிக்கவே வந்த சனியன்.

மும்பை பக்கம் ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அவர்கள் குழுமத்தின் டெர்மினல் வரை வேலை ஸ்தம்பித்தது. 45,000 கம்ப்யூட்டர், 4,000 சர்வர்... அத்தனையிலும் பத்தே நாளில் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினார்கள். நஷ்டம் 25 கோடியிலிருந்து 30 கோடி டாலர்!

யார் யார் உள்ளே வரலாம் என்று கணக்கு வைத்திருக்கும் முக்கிய சர்வர்கள் மட்டும் சுமார் 150. ஒன்றைப் பார்த்து ஒன்று காப்பியடித்துக்கொண்டே இருக்கும். ஒன்று போனால் இன்னொன்று என்று நிம்மதி. எல்லாமே ஒரே நேரத்தில் போகும் என்று யார் நினைத்தது?

பிழைத்தது ஒன்றே ஒன்று. ஆப்பிரிக்காவில், கானா நாட்டில். காரணம்? அந்த நேரத்தில் அங்கே கரண்ட் கட்! மின்வெட்டால் பிழைத்த கம்பெனி இது ஒன்றாகத்தான் இருக்கும். அந்த ஹார்டு டிஸ்க்கை லண்டனுக்கு எடுத்துப் போக, கானாக்காரர்களிடம் பிரிட்டிஷ் விசா இல்லை. நைஜீரியா ஏர்போர்ட்டில் கைமாற்றிக் கொண்டுபோனார்கள்.

இந்தச் சூட்சுமம் நம்ம கடற்கரைக்குப் புதுசா? 1961-ல் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்த ஊர் இது. குளிக்கிறவர் கடலுக்குள்; கயிறைப் பிடிக்கிறவர் தோணியில். அவர் மச்சான்தான் என்று சொல்வார்கள். தங்கச்சி தாலியாச்சே, விடுவாரா? இருவரும் சேர்ந்து குதித்தால் யார் தூக்குவது?

சுவரை உயர்த்தினால் மட்டும் போதாது. ஒரு காப்பி எந்த ஒயரிலும் மாட்டாமல் தனியே இருக்கணும். கப்பலின் அடியில் அறை அறையாகத் தடுத்திருப்பது போல நெட்வொர்க்கையும் தடுக்கணும். 2019-ல் கூடங்குளத்திலேயே ஒரு நிர்வாகக் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்தது. அணு உலையை இயக்கும் நெட்வொர்க் தனி, அதற்குப் பாதிப்பில்லை என்றது அணுமின் கழகம்.

தம்பிக்கு ஞானோதயம். அன்றைக்கே தனி ஹார்டு டிஸ்க் வாங்கினார். நேற்று போன் செய்தேன்.

"டிஸ்க் எங்கே தம்பி?"

"கம்ப்யூட்டர்லயே மாட்டி வச்சிருக்கேன் அண்ணாச்சி. கழற்றவே இல்லை!"

போச்சு... மச்சானும் தண்ணியில்!