உப்பு ஏற்றிய விளக்கு

தென்காசியில் அத்தை வீடு. ஆனிச் சாரல் இரண்டு நாளாக விடவில்லை. உப்பு ஜாடியைத் திறந்த அத்தை, "பாத்தியா மருமவனே, பாதி தண்ணியாப் போச்சு!" என்று அலுத்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போது நான் படித்துக்கொண்டிருந்ததும் ஓர் உப்பைப் பற்றித்தான். ஈரம் பட்டால் கெட்டுப்போகும். மின்சாரம் பாய்ந்தால் ஒளி விடும்!

பெரோவ்ஸ்கைட் என்று பெயர். ஈயமும், அயோடினோ புரோமினோ சேர்ந்த வகைதான் விளக்குக்கு ஆகும். நம் வீட்டு எல்.இ.டி. பல்பின் படிகத்தை ஆயிரம் டிகிரி உஷ்ணத்தில் வளர்க்க வேண்டும். இந்த உப்பையோ கரைத்துப் பூசி, தோசைக்கல் சூட்டில் காயவைத்தால் போதும்.

இது சாதாரண அறை வெப்பத்திலேயே ஒளிர்வதை 2014-ல் கேம்பிரிட்ஜில் ரிச்சர்ட் ஃபிரெண்டின் குழு காட்டியது. அதில் பங்குகொண்ட ஆதித்ய சாதனாலா பின்னாளில் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியரானார். ஆனால் அன்றைய பச்சை விளக்கில் 1,000 எலெக்ட்ரான் உள்ளே போனால், ஒரே ஒரு ஒளித்துகள்தான் வெளியே வந்தது. மிச்சமெல்லாம் எங்கே போயிற்று?

குற்றாலம் பேரருவியில் குளித்தவர்களுக்குப் பொங்குமாங்கடலைத் தெரியும். மேலிருந்து பாயும் நீரின் வேகத்தை நடுவழியில் அந்தப் பள்ளம் விழுங்கிவிடுகிறது. இல்லாவிட்டால் நம் தலை தப்புமா? குளிக்கிறவர்களுக்கு உபகாரம், விளக்குக்கு அதுவே உபத்திரவம். படிகத்தில் அணு விட்டுப்போன குழிகள் உண்டு. எலெக்ட்ரான் அதில் விழுந்தால் அதன் சக்தி வெறும் சூடாகிப் போகிறது. தப்பிப் பிறந்த ஒளிக்கும் விமோசனம் இல்லை. வழவழப்பான பூச்சுக்குள்ளேயே பட்டுப் பட்டுத் திரும்பி அடைபட்டுவிடுகிறது.

2018-ல் சீனாவின் நான்ஜிங் நகரத்துக் குழு ஒன்று கரைசலில் ஓர் அமினோ அமிலத்தைக் கலந்தது. அது குழிகளை அடைத்தது. அத்துடன் பூச்சு திட்டுத் திட்டாகப் படிந்தது. நாமாயிருந்தால் கெட்டுப்போயிற்று என்று சுரண்டி எறிந்திருப்போம். அந்தத் திட்டுகளே அடைபட்ட ஒளியை வெளியே திருப்பிவிட்டன! 100-க்கு 20 ஒளித்துகள் வெளிவந்தன.

"அம்புட்டு வெளிச்சமா?" என்றாள் அத்தை.

"கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி, அத்தை."

அவள் பார்த்த பார்வை இருக்கிறதே! நல்லவேளை, அதே சமயம் இன்னொரு சீனக் குழு பச்சையிலும் 20-ஐ எட்டியிருந்தது. 2023-ல் 30-ஐயும் தாண்டினார்கள். நீலம்தான் இன்னும் பின்தங்கி நிற்கிறது. ஆயுளும் போதாது. ஈரத்தைக் கண்ணாடி மூடித் தடுக்கலாம்; பாய்கிற மின்சாரமே உள்ளிருக்கும் அயனிகளை இடம் பெயர்த்து விளக்கை மங்கச் செய்கிறதே, அதை எதைக் கொண்டு மூடுவது?

"ஈயம்னியே, ரசம் வைக்கிற ஈயமா?"

"அது வெள்ளீயம். இது காரீயம், விஷம்."

"வெள்ளீயத்தையே போட வேண்டியதுதானே!"

அத்தை விளையாட்டாகச் சொல்லவில்லை. விஞ்ஞானிகளும் அதைத்தான் முயன்று வருகிறார்கள். ஆனால் அந்த உப்பில் வெள்ளீயத்துக்குக் காற்றுப் பட்டாலே ஆகவில்லை.