ஏறின கியர்லயே இறங்கு!

'கேரவன்'னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஷூட்டிங் ஸ்பாட்டில் ஹீரோ ஏ.சி. போட்டு உட்கார்ந்திருக்கும் பஸ்தானே? அமெரிக்காவில் கதையே வேற மக்களே. கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டியை எடுத்துக்கொண்டு, இலை சிவக்கிற சீசனில் மலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அந்த வீடியோவை எங்க செட்டில் ஒருத்தன் கேன்டீனில் போட்டுக் காட்ட... 'மச்சி, நாமளும் போறோம்!'

கேரளா 2021-லேயே கேரவன் டூரிசத்துக்கு என்று தனி பாலிசி போட்டு, வாகமண்ணில் கேரவன் பார்க்கும் வந்துவிட்டது. வாடகையை விசாரித்தோம். விசாரித்ததோடு சரி. புதுப்பட்டினத்தில் சிக்கியது 12 சீட் டெம்போ டிராவலர். ஆயுதபூஜைக்குப் பூசின சந்தனம் கண்ணாடியில் இன்னும் காய்ந்துகொண்டிருந்தது. ஏழு பேர், ஏழு பாய், மூன்று டென்ட், ஒரு கேஸ் அடுப்பு. ஏலகிரி போறோம், ரெண்டு நாள், பட்ஜெட் பக்கா!

இலையுதிர் காலமெல்லாம் நமக்கு ஏது? நம்ம கணக்கில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். இலை உதிராது, மழைதான் கொட்டும். இது தெரிந்தும் ஐப்பசி ரெண்டாவது சனிக்கிழமை விடியற்காலை கிளம்பினோம் பாருங்க, அதுதான் இன்ஜினீயரிங் மூளை!

திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் தாண்டி பெங்களூரு ஹைவே. ஆம்பூரில் பிரியாணி, கூடவே அந்தக் கத்திரிக்காய். (இதைப் பற்றி மட்டும் தனியா ஒரு வாரம் எழுதணும்.) வாணியம்பாடிக்கு அப்புறம் மலை. மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் பாரி, கபிலர் என்று வள்ளல்கள், புலவர்கள் பெயர். ப்ளஸ் டூவோடு தமிழை விட்டவனுக்கெல்லாம் வளைவுக்கு வளைவு ரிவிஷன்!

காட்டுக்குள் நம் இஷ்டத்துக்கு டென்ட் போட முடியாது, வனத்துறை அனுமதி வேணும். அதனால் நிலாவூரில் ஒரு நண்பனோட மாமாவின் பலாத்தோப்பில் இறங்கினோம். மேகி, ஸ்பீக்கர், பாட்டு. ராத்திரி ஒரு மணிக்கு வந்தது பாருங்க மழை! டென்ட்டுக்குள் தண்ணீர். ஏழு பேரும் பாயைச் சுருட்டிக்கொண்டு வேனுக்குள் பாய்ந்தோம். சீட்டைச் சாய்த்து, பெட்ஷீட்டை இழுத்து மூடி... 'இதுதான்டா கேரவன்!'

அந்த வேனில் ஏற்கெனவே ஒருத்தர் தூங்கிக்கொண்டிருந்தார். டிரைவர் அண்ணா. எங்களுக்கு இடம் விட்டு எழுந்தவர், விடியும் வரை ஸ்டீயரிங் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இது எனக்கு மறுநாள் சாயங்காலம்தான் தெரியும்.

ஞாயிறு காலை பனிமூட்டம், புங்கனூர் ஏரியில் படகு, போட்டோ. அதெல்லாம் எல்லோரும் பார்ப்பதுதான், விடுங்க. ராத்திரி ஏழரைக்குக் கிளம்பலாம் என்று மூட்டை கட்டினோம். திங்கள் காலை ஒன்பதரைக்கு எங்களுக்கு இன்டர்னல். சப்ஜெக்ட்? ஹீட் டிரான்ஸ்ஃபர்!

'தம்பி, நேத்து ராத்திரி நான் தூங்கவே இல்லை. மழையும் விடல, பனியும் இறங்குது. விடியக் கிளம்பலாமே' என்றார் அண்ணா.

'அண்ணா, எக்ஸாம் இருக்கு. ரெண்டு நாளுக்குத்தானே பேசினோம், காசும் கொடுத்தாச்சு...'

இதைச் சொன்னது வேற யாரும் இல்லை. நான்தான். அண்ணா பதில் பேசவில்லை. சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார். அது இன்னும் கஷ்டமா இருந்தது.

நாங்க 'கேப்டன்'னு கூப்பிடுற பையன் புதுப்பட்டினம் குப்பத்துக்காரன். அதுவரை வாயே திறக்காதவன் சொன்னான்: 'கடலுக்குப் போறவன் வேணாம்னா வேணாம்தான்டா. கரையில உட்கார்ந்திருக்கிறவன் போன்னு சொல்லக் கூடாது. எங்க வீட்ல இதுக்கு மேல பேச்சே கிடையாது.' பாயை எடுத்துப்போய் மாமா வீட்டுத் திண்ணையில் விரித்தான். 'அண்ணா, நீங்க படுங்க.'

கடுப்போடு ரெண்டு பேர் பாட்டரி டார்ச்சில் படிக்க உட்கார்ந்தார்கள். அண்ணா எட்டு மணிக்குப் படுத்தவர், நாலரைக்கு எழுந்து முகம் கழுவி, 'போலாமா தம்பி?' என்றார்.

இறங்கும்போது நான் முன் சீட். அண்ணா செகண்ட் கியரை விட்டு மாற்றவே இல்லை. இன்ஜின் முனகுது, வண்டி மட்டும் அடக்கமா இறங்குது. 'ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர். பிரேக்கையே மிதிச்சுக்கிட்டு வந்தா லைனிங் சூடாயிடும். அப்புறம் மிதிச்சாலும் பிடிக்காது' என்றார். எதிரே ஒரு லாரி மூச்சு வாங்கி ஏறி வந்தது. நாங்கள் ஒதுங்கி நின்றோம். மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி, சட்டமும் அதுதான்.

மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆளோடு சேர்த்து வண்டி 4 டன், இறக்கம் 600 மீட்டர் என்று வையுங்கள். அடிவாரம் போவதற்குள் அந்த எனர்ஜி எங்காவது போயாகணும். மொத்தமும் சூடாக மாறினால், சுமார் 70 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம்! இன்ஜின் வாங்கிக்கொள்ளாவிட்டால் அவ்வளவும் நாலு சக்கரத்து பிரேக்கின் தலையில். மூன்று வருஷமா படிக்கிற எனக்கு இது பேப்பரில் தெரியும். அண்ணாவுக்குக் காலில் தெரிந்திருக்கிறது. அந்தக் காலைத்தான் ரெண்டு ராத்திரி தூங்காமல் மிதிக்கச் சொன்னேன்.

காலேஜ் வாசலில் இறங்கும்போது மணி பத்தே முக்கால். ரீ-டெஸ்ட் கேட்டுப் பார்த்தோம். 'டூர் போறவங்களுக்கெல்லாம் தனி பேப்பரா?' என்றார் சார். நியாயம்தான். ஏழு பேருக்கும் முட்டை! அப்பா கையெழுத்துக்கு இன்னும் மார்க் ஷீட்டை நீட்டவில்லை, அதனால் இந்தப் பக்கத்தை எங்க வீட்டுப் பக்கம் யாரும் கொண்டுபோய்க் காட்டிடாதீங்க, ப்ளீஸ்.

பொங்கல் கழிந்து கொல்லிமலை போகலாம் என்று பேச்சு ஓடுகிறது. அங்கே 70 வளைவாம்! அதே அண்ணாவிடம்தான் தேதி கேட்டிருக்கிறோம். கேப்டன் இப்போதே லிஸ்ட் எழுத ஆரம்பித்துவிட்டான். ஆள் அதே ஏழு பேர். முதல் வரி மட்டும் மாறியிருக்கிறது: பாய் - 8.